முட்டிக்காரியின் குட்டிகள்

குட்டியம்மா வருகிறாள் என்று தெரிந்துகொள்ள அந்தப் பண்ணையில் யாரும் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. காதே போதும். வலது கால் சிமெண்டுத் தரையில் 'டக்' என்று ஊன்றும். இடது கால் ரப்பர் செருப்பைச் 'சர்' என்று இழுத்துக்கொண்டு சாவகாசமாகப் பின்னால் வரும். டக், சர். டக், சர். இந்தச் சத்தம் குட்டிக் கொட்டகையின் இரும்புக் கதவை எட்டுவதற்குள் உள்ளே இருக்கிற நாற்பது ஆட்டுக்குட்டிகளும் ஒரே குரலில் கத்த ஆரம்பித்துவிடும். மேனேஜர் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்காது. அதில் மேனேஜருக்கு வருத்தம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வருத்தம்.

ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பண்ணைக்கு வந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. பிறந்த குட்டியின் மூக்கைத் துடைத்து மூச்சு வரவைப்பது, தொப்புளுக்கு மருந்து தடவுவது, காம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தாயின் முன்னங்காலைச் சப்பிக்கொண்டு நிற்கிற மக்குகளைப் பின்பக்கம் திருப்பிவிடுவது, இதெல்லாம் அவள் வேலை. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. காலையில் அதில் கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்கே அது ஞாபகம் வரும்.

இத்தனை குட்டிகளை ஆளாக்கியவள் பெற்றது ஒன்றே ஒன்று. ஒரு மகள். அந்த ஒன்றைத்தான் அவள் வளர்க்கவில்லை. அக்கா வளர்த்தாள், ஐந்து மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால். மகளுக்கு இப்போது முப்பத்தொரு வயது. மருந்துக் கடையில் வேலை, பெரியம்மா வீட்டு மாடியில் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் வரும். "சாப்டியாம்மா? கால் வலி எப்படி இருக்கு? அங்க மழையா?" மூன்று கேள்வி, மூன்று பதில். நான்காவதாக என்ன கேட்பது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. "சரிம்மா, வைக்கட்டுமா?" என்று மகள் கேட்பாள். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு ஞாயிறும் குட்டியம்மாவுக்கு நாக்கு நுனி வரை வரும். "சரிடா" என்பாள். இணைப்பு போன பிறகும் ஃபோனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த நிலைமையில்தான் முட்டிக்காரி குட்டி போட்டாள்.

முட்டிக்காரி ஒரு செந்நிற வெள்ளாடு. குட்டியாக இருந்தபோது இரும்புத் தீவனத் தொட்டி ஒன்று சரிந்து அவளுடைய முன்னங்கால்கள் இரண்டின் மேலும் விழுந்தது. எலும்பு கூடியது. ஆனால் முட்டி மடங்கியது மடங்கியதுதான், நீளவே இல்லை. அன்றிலிருந்து முன்பக்கம் முட்டியிலும் பின்பக்கம் காலிலுமாக, எந்நேரமும் தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி நடந்தாள். முட்டித் தோல் செருப்புத் தோல் போலக் காய்த்துப்போயிற்று. கழித்துக்கட்ட வேண்டிய ஆடுகளின் பட்டியலில் அவள் எண்தான் முதலில் இருந்தது. லாரி வருவதற்குள் ஒரு கிடா வேலி தாண்டிவிட்டது. மேனேஜர் தாம் தூம் என்று குதித்தார். தீவனம் கலக்குகிற அண்ணன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாம எல்லாரும் காலைப் பாத்தோம். மாப்பிள்ளை முகத்தைப் பாத்திருக்கான் சார்."

சினையாக இருக்கிற ஆட்டை அனுப்ப முடியாது. குட்டி போட்டுப் பால் மறக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று மேனேஜர் பட்டியலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இரண்டு பெண் குட்டிகள். ஒன்று தாயின் நிறம், இன்னொன்று கறுப்பு. இவள் எங்கே வளர்க்கப்போகிறாள் என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். முட்டிக்காரி யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கொட்டகையின் மூலை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். குட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தானே கதவாகக் குறுக்கே படுத்துக்கொண்டாள். மற்ற ஆடுகள் முட்ட வந்தால் எழுந்து துரத்த அவளால் முடியாது. படுத்தபடியே கொம்பை மட்டும் காட்டுவாள். குட்டிகள் துள்ளிக்கொண்டு தூரமாகப் போனால் பின்னால் ஓட முடியாது. அதனால் சின்னதாக இரண்டு தடவை கூப்பிடுவாள், அவ்வளவுதான். கூப்பிட்ட குரலுக்கு அந்த இரண்டும் ஓடி வந்த மாதிரி, நாலு காலும் நன்றாக இருக்கிற தாய்களின் குட்டிகள்கூட வந்ததில்லை. குட்டியம்மா பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே இதைப் பார்ப்பாள். புட்டி கழுவுவதற்கு அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

நான்காவது வாரம் குட்டிகள் தழை கடிக்க ஆரம்பித்தன. முட்டிக்காரி வழக்கம்போல் முட்டி போட்டுத் தட்டில் வாயை வைத்தாள். இரண்டு பக்கமும் நின்ற குட்டிகள் அவளை ஒரு நிமிடம் பார்த்தன. பிறகு இரண்டும் தங்கள் நல்ல கால்களை மடக்கி, பொத்தென்று முட்டி போட்டுத் தின்ன ஆரம்பித்தன.

குட்டியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் வெளியே போனாள்.

ஏனென்றால் இதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

மகள் ஒன்றரை வயதில் நடந்தாள், நேராகத்தான் நடந்தாள். அப்போது பண்ணை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் உயிரோடு இருந்தார். அடுத்த வருடம் அவர் ஒரு விபத்தில் போய்ச்சேர்ந்தார். அதன் பிறகு குழந்தைக்கு உலகத்தில் பார்ப்பதற்கு இருந்தது ஒரே ஒரு ஆள். காலையிலிருந்து மாலைவரை அம்மாவின் பின்னாலேயே கொட்டகை கொட்டகையாகச் சுற்றினாள். மூன்று வயது முடிவதற்குள் அந்தச் சின்ன இடது கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. டக், சர். பின்னாலேயே சின்னதாக இன்னொரு டக், சர். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். குட்டியம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. உங்களப் பாத்து நடக்குது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து "நேரா நட, நேரா நட" என்று கத்தினாள், கெஞ்சினாள், ஒரு தடவை அடித்தும்விட்டாள். அடி வாங்கிய குழந்தை அழுதுகொண்டே அதே நடையில் அவளிடம் வந்து காலைக் கட்டிக்கொண்டது. நேராக நடப்பது எப்படி என்று கேட்டால் நடந்து காட்ட அந்த வீட்டில் யாரும் இல்லை.

அக்கா வந்தாள். பிள்ளை இல்லாதவள், கெட்டவள் இல்லை.

"உன்னப் பாத்துத்தானே பழகுச்சு? கொஞ்ச நாள் என்னப் பாக்கட்டும். சரியானதும் கொண்டுவந்து விட்டுடறேன்."

நான்கு வயதுக் குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது குட்டியம்மாதான். வேறு யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதை அவள் இன்றுவரை மறைத்ததில்லை.

ஆறு மாதத்தில் குழந்தை நேராகிவிட்டது. முதல் விடுமுறைக்கு வந்தபோது பண்ணை வாசலிலிருந்து வீடுவரை அம்பு மாதிரி நடந்து வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். குட்டியம்மாவும் தட்டினாள். மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும்போது பின்னால் அந்தச் சின்னச் சத்தம் மறுபடியும் கேட்டது. டக், சர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸிலேயே மகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் இரண்டே நாள். அந்தப் பெண் போகப் போக விவரமாகிவிட்டாள். அம்மா முன்னால் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் அளந்து வைப்பாள். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நடப்பாள். அப்படி நடந்தும் மூன்றாவது நாள் கிடைக்கவில்லை. பிறகு வருவது வருடத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு ஃபோன் ஆயிற்று.

முட்டி போடுகிற குட்டிகளை இரண்டு வாரம் தீவனக்கார அண்ணனும் குட்டியம்மாவும் மேனேஜர் கண்ணில் படாமல் மறைத்துப் பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை வசமாக மாட்டிக்கொண்டார்கள். மேனேஜர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டுக்கும் அதே கோளாறா?"

"கோளாறு இல்ல சார். அம்மாவப் பாத்துச் செய்யுதுங்க" என்றாள் குட்டியம்மா.

"எதுவோ ஒண்ணு. வாங்க வர்றவன் முதல்ல காலைத்தான் பாப்பான். பின்னால ஒரு கொட்டகை முழுக்க முட்டி போட்டு நின்னா நான் என்ன பதில் சொல்றது?" மேனேஜர் பட்டியலை எடுத்தார். "இன்னைக்கே பிரிச்சுடுங்க. குட்டிங்களுக்குப் புட்டிப்பால். தாயை சனிக்கிழமை லாரில ஏத்திடலாம். நீங்களே பிரிங்க குட்டியம்மா, உங்க கைக்குத்தான் அதுங்க அடங்கும்."

கேள்விக்குறி இருந்த இடத்தில் அவர் ஒரு கோடு போட்டார்.

சொன்னதை அவள் செய்தாள். முப்பத்து நான்கு வருடமாகச் சொன்னதைச் செய்து பழகிய கை. கக்கத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டாள். முட்டிக்காரி சின்னதாக இரண்டு தடவை கூப்பிட்டாள். குட்டிகள் தடுப்பில் மோதின. மறுபடி கூப்பிட்டாள். வரவில்லை என்றதும் அவளே கிளம்பினாள். கொட்டகையின் நீளம் முழுவதையும் முட்டியாலேயே கடந்து தடுப்பு வரை வந்துவிட்டாள். காய்த்துப்போன தோலும் கிழிந்து ரத்தம் வந்தது. குட்டியம்மா மருந்து தடவ உட்கார்ந்தாள். ஆடு அவளைப் பார்க்கவே இல்லை, பலகை இடுக்கு வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னத் திட்டேன்" என்றாள் குட்டியம்மா. "திட்டு. உனக்காவது கோவம் வருதான்னு பாக்கறேன்."

குட்டிகள் புட்டியைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை பசி தாங்காமல் தழையைத் தின்றன. தாய் பக்கத்தில் இல்லை, தட்டு இருந்த இடத்திலிருந்து பார்க்கக்கூட முடியாது. இருந்தும் தட்டுக்கு முன்னால் போனதும் இரண்டும் முட்டி போட்டன. தாயைப் பிரிந்த பிறகு அவளிடமிருந்து மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்கிற மாதிரி, முன்னைவிடக் கெட்டியாகப் போட்டன.

புதன்கிழமை தீவனக்கார அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து தட்டை எடுக்க மனமில்லாமல், தழைக்கட்டைத் தடுப்பின் மரக்கதவில் இருந்த ஒரு ஆணியில் அப்படியே மாட்டிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போய்விட்டார். கட்டு குட்டிகளின் தலைக்கு மேலே தொங்கியது. கறுப்புக் குட்டி அண்ணாந்து பார்த்தது. முட்டி போட்டுப் பார்த்தது, எட்டவில்லை. எழுந்தது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் கதவில் நேராக ஊன்றி ஒரு இலையைப் பறித்தது. செங்குட்டி அதைப் பார்த்தது. அதுவும் நிமிர்ந்தது.

குட்டியம்மா வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் இரண்டு குட்டிகளையும் தூக்கிக்கொண்டுபோய் முட்டிக்காரியிடமே விட்டாள். இத்தனை வருடத்தில் மேனேஜர் சொன்னதை அவள் மீறியது அதுதான் முதல் தடவை. மூலைச் சுவரில் ஒரு ஆணி அடித்தாள், கயிறு கட்டினாள், தழையைத் தொங்கவிட்டாள். தாயின் தட்டு எப்போதும்போல் தரையிலேயே இருந்தது. தாய் முட்டி போட்டுத் தின்றாள். குட்டிகள் அவளைப் பார்த்தன, மேலே பார்த்தன. நாளெல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடின. வியாழக்கிழமை மேலேயே தின்றன. வெள்ளிக்கிழமை காலை கயிற்றைக் கொஞ்சம் இறக்கி நெஞ்சுயரத்துக்குக் கட்டினாள். நாலு காலிலும் நின்று தின்றன.

மேனேஜரைக் கையோடு அழைத்துவந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"பேசாதீங்க சார். சும்மா பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "யாரக் கேட்டுத் திரும்ப இங்க விட்டீங்க?" என்றார்.

"யாரையும் கேக்கல."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. பால் மறக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்கப்புறம் முட்டிக்காரி?"

"அப்ப பாத்துக்கலாம்."

பட்டியலில் கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் கேள்விக்குறி போட்டார். தீவனக்கார அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, எல்லாம் தன்னுடைய இடுப்பு வலியின் மகிமை என்று ஊரைக் கூட்டினார். குட்டியம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஒரு ஆணி. ஒரு முழம் கயிறு. மூன்று நாள்.

யாரையும் பஸ் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. தாயைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், கூடவே வேறொன்றையும் காட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடவிட்டிருக்கலாம். கயிறு தாண்டச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போய், நாலு பேர் நடப்பதைப் பார்த்துத் தானாகவே நிமிர்ந்திருக்கும். நிமிராமலே போயிருந்தாலும்தான் என்ன? இருபத்தேழு வருடம். வயிறு எரிந்தது. யார்மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளால் காத்திருக்க முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மகள் சாப்பிட மாடிக்கு வருவாள். இரண்டடித்துப் பத்து நிமிடத்துக்கு அவளே ஃபோன் போட்டாள்.

"என்னம்மா? என்னாச்சு? விழுந்துட்டியா?" மகளின் குரலில் பதற்றம்.

"விழல. சும்மாதான்."

"சும்மாவா?" அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சும்மா என்கிற வார்த்தை அவர்களுக்குள் புழங்கி வெகு காலம் ஆகியிருந்தது.

குட்டியம்மா ஆட்டின் கதையைச் சொன்னாள். முட்டி போட்ட குட்டிகள், மேனேஜர், அண்ணனின் இடுப்பு, ஆணி, எல்லாவற்றையும் கோர்வை இல்லாமல் கொட்டினாள். மகள் அண்ணனின் இடுப்புக்குச் சிரித்தாள். கயிற்றுக்கு வந்தபோது சிரிக்கவில்லை.

"உன்ன அனுப்பியிருக்க வேண்டாம்டா" என்றாள் குட்டியம்மா. "எனக்குத் தெரியல. இந்த ஆட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுது. இவ்வளவு வருஷம் கழிச்சு."

வைத்துவிட்டாளோ என்று குட்டியம்மா ஃபோனை எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"நான் அப்படி நடந்தது உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றாள் மகள். "அதான் அங்க வந்தா அப்படிப் பாத்துப் பாத்து நடப்பேன். இங்க பெரியம்மா கடைக்குப் போனதும் மாடிக்கு வந்து கதவைச் சாத்திட்டு உன்ன மாதிரி நடப்பேன். அந்தச் சத்தம் வரும்ல? கண்ண மூடிக்கிட்டா நீ வர்ற மாதிரியே இருக்கும். பத்து வயசு வரைக்கும் நடந்திருப்பேன். அப்புறம் எப்படியோ விட்டுப்போச்சு."

குட்டியம்மா முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

"அம்மா."

"ம்."

"உனக்கு எந்தக் காலும்மா? எனக்கு மறந்துபோச்சு. வலதா, இடதா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை அவளிடம் கேட்ட கேள்விகளில் இவ்வளவு வலித்தது எதுவும் இல்லை. பெற்ற பெண்ணுக்குத் தன் கால் எது என்று தெரியாது. அப்படியொரு தூரத்துக்கு அவளைத் தானே அனுப்பிவைத்தாள்.

"இடது" என்றாள்.

"இரு" என்றாள் மகள். ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு, மாடி அறையின் சிமெண்டுத் தரையில், முதலில் தயங்கித் தயங்கி, அடுத்து கொஞ்சம் பிடிபட்டு, ஒரு சத்தம் வந்தது. டக், சர். டக், சர்.

வாய்ப்பழக்கத்தில் 'நேரா நட' என்று சொல்ல வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் நடடா" என்றாள்.